பெட்ரோல் பங்க்கும் அமானிதமும்

சில வாரங்களுக்கு முன் அடையாறிலுள்ள என் சகோதரியின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவள் மகன் கூடத்துத் தரையில் பில்களையும் தாள்களையும் பரப்பிவைத்துக்கொண்டு, கன்னத்தில் கையூன்றி அமர்ந்திருந்தான். பட்டப்படிப்பை முடித்து நிரந்தர வேலை தேடிவரும் அவன், ஒரு தணிக்கை நிறுவனத்திற்காகப் பெட்ரோல் பங்க்குகளை மறைமுகமாகப் பார்வையிட்டு அறிக்கை எழுதித் தருகிறான். சாதாரண வாடிக்கையாளரைப் போல் ஸ்கூட்டரில் சென்று பெட்ரோல் வாங்குவதும், அங்கு கண்டதைப் பின்னர் எழுதியனுப்புவதுமே பணி. ‘மிஸ்டரி ஷாப்பிங்’ என்று இதனைக் கூறுகின்றனர்.

“என்ன தம்பி, ஏதும் காணாமற்போய்விட்டதா?” என்றேன்.

“இல்லை மாமா. காற்று நிரப்பும் கருவி பழுது என்று குறித்திருக்கிறேன். எந்த பங்க் என்று எழுத மறந்துவிட்டேன். இன்று மூன்று இடங்களுக்குப் போனேன்” என்றான்.

இது சிறு விஷயம் எனத் தோன்றலாம். ஆயினும் அதற்கு முந்திய மாதந்தான் அவன் இரண்டு பங்க்குகளின் குறிப்புகளை மாற்றி எழுதிவிட்டிருந்தான். இரண்டும் ஒரே எண்ணெய் நிறுவனத்தைச் சேர்ந்தவை. ஊழியரின் சீருடையும் ஒன்றே. மீட்டரில் பூஜ்யத்தைக் காட்டிய ஊழியர் காட்டாதவரானார். காட்டாதவர் நற்பெயர் பெற்றார். தவற்றை உணர்ந்து அவனே தணிக்கை நிறுவனத்திற்குத் தெரிவித்தான். அதற்குள் ஒன்றுமறியாத அந்த ஊழியருக்கு அம்மாத ஊக்கத்தொகை நிறுத்தப்பட்டிருந்தது. பிறர் உணவைத் தொடும் சாட்சியம் அமானிதமன்றோ!

குழப்பம் எங்கிருந்து வருகிறது? இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள் ஒருபுறமிருக்க, தனியார் பங்க்குகளும் உள்ளன. வருகைக்கு வருகை வினாப்பட்டியல் மாறுகிறது. ஒன்று மாலை நேரத்தில் மட்டும் செல்லச் சொல்லும். மற்றொன்று விலை கூடிய பெட்ரோலை ஊழியர் பரிந்துரைக்கிறாரா எனக் கவனிக்கச் சொல்லும். ஒன்றில் இறுதிவரை தன்னை வெளிப்படுத்தலாகாது. வேறொன்றில் முடிவில் கடிதத்தைக் காட்டி மேலாளரிடம் கையொப்பம் பெற வேண்டும்.

ஆனால் எங்கும் மாறாதவையும் உண்டு. இலவசக் காற்று, குடிநீர், கழிவறை, புகார்ப் புத்தகம், கேட்டவருக்கு வடிதாள் சோதனை, முத்திரையிட்ட 5 லிட்டர் அளவை ஆகியவை எந்த பங்க்கிலும் இருந்தாக வேண்டும். ஆகவே இவற்றை ஒரே அட்டையில் எழுதி ஸ்கூட்டர் பெட்டியில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். மாறுபவற்றை மட்டும் பங்க்குக்கு ஒன்றாக ஒரு பழுப்பு உறையின் மேல் எழுத வேண்டும். உறையின் தலைப்பில் பங்க்கின் பெயர், சாலை, செல்ல வேண்டிய நேரம். பில்லும் குறிப்பும் அவ்வுறைக்குள்ளேயே போக வேண்டும். ஓர் உறையை ஒட்டாமல் அடுத்த பங்க்குக்கு வண்டியைத் திருப்பலாகாது. பில்லின் எண்ணையும் தொகையையும் உறையின்மேல் பேனாவால் எழுதிவிடுவது நலம். அவ்வகைத் தாளில் எழுத்து விரைவில் மங்கிவிடக்கூடும்.

வண்டியின் டேங்க்கையும் மறக்கலாகாது! பெரும்பாலான ஸ்கூட்டர்களில் 5, 6 லிட்டருக்கு மேல் கொள்ளாது. முதல் பங்க்கிலேயே நிரப்பிவிட்டால், திருவான்மியூரில் மூன்றாவது பங்க்கை அடையும்போது ஊற்ற இடமிராது. அதிக அளவு வாங்கச் சொல்லும் பங்க்கை எந்த வரிசையில் வைப்பது என்பதைக் காலையிலேயே கணக்கிட வேண்டும். புகைப்படம் கேட்பவர்களுக்காகப் பெட்ரோல் ஊற்றுமிடத்தில் கைபேசியை எடுப்பதும் தகாது. சாலையோரம் நின்று பெயர்ப்பலகையை எடுத்தால் போதும்.

5 லிட்டர் அளவையைக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லி லிட்டர் வரையிலான வேறுபாடே அனுமதிக்கப்படுகிறது. ஆனால் அதைக் கேட்ட மாத்திரத்தில் ஊழியர் விழித்துக்கொள்வார். வந்தவர் யாரென்று அக்கணமே விளங்கிவிடும். எனவே பட்டியலில் அது இருந்தால் கடைசியாகவே கேட்க வேண்டும்.

இன்னொன்று: கண்டதை மட்டுமே எழுத வேண்டும். 2017 ஏப்ரலில் லக்னோவில் நடந்த சோதனைகளில், மீட்டரில் சரியாகக் காட்டிக்கொண்டே குறைவாக ஊற்றும் மின்னணுச் சில்லுகள் பிடிபட்டன. ஆதலின் ‘மீட்டர் பூஜ்யத்தில் தொடங்கியது’ என்று எழுதலாமே தவிர, ‘அளவு சரி’ என்று எழுத நமக்கு ஆதாரமில்லை. இத்துறையில் உண்மையை எழுதுவது எளிதன்று. 2005 நவம்பர் 19 அன்று உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரி மாவட்டத்தில், கலப்படத்தை எதிர்த்து நின்ற இந்தியன் ஆயில் விற்பனை அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் 27 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சந்தைகளைக் கண்காணித்த முஹ்தஸிப்களுக்காக 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய கையேட்டில், தொழில்கள் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதை மருமகனிடம் சொன்னேன். “அவருக்கும் உறைகள் தேவைப்பட்டிருக்கின்றன” என்று சிரித்தான்.

மறுநாள் காலை அந்த மூன்று பங்க்குகளுக்கும் மீண்டும் சென்று வந்தான். மூன்றிலும் காற்றுக் கருவி நன்றாகவே இயங்கியதாம்! பழுதாயிருந்ததை இரவோடிரவாகச் சரிசெய்துவிட்டார்கள் போலும். மூன்று அறிக்கைகளிலும் அந்தக் கட்டத்தில் ‘உறுதி செய்ய இயலவில்லை’ என்று எழுதி அனுப்பினான். ஓர் அறிக்கையைத் தணிக்கை நிறுவனம் ஏற்கவில்லை; அதற்கான கூலியும் கிடைக்கவில்லை. அன்று மாலையே கடைத்தெருவில் ஒரு கட்டுப் பழுப்பு உறைகளை வாங்கி வந்ததாகச் சகோதரி தொலைபேசியில் சொன்னாள்.