சுற்றறிக்கைக்கு மூக்கு உண்டு

பணியாளர்கள் ஆரோக்கியமாக உண்ண வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள், சிறுதானியம் கொண்டு வாருங்கள், காய்கறி நிறையச் சேருங்கள். நான்காவது வரி: பிறருக்குச் சங்கடம் தரும் வாடையுள்ள உணவுகளைத் தவிர்க்கவும். முதல் மூன்று வரிகளும் இந்த நான்காவது வரிக்கு விரித்த பாய். புரிந்தும் எல்லோரோடும் சேர்ந்து நானும் கையெழுத்துப் போட்டேன்.

திருச்செந்தூரில் வாடை என்றால் மீன்தான். அமலிநகரிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் விடிந்தால் மீன் கரையேறுகிறது. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்கள், தவக்கால வெள்ளிகளில் இறைச்சி தொடாதவர்கள், ரமலானில் நோன்பு நோற்கும் காயல்பட்டினத்துக்காரர்கள் எல்லோரும் எங்கள் அறையில் இருக்கிறோம். சஷ்டி நாட்களில் நாங்கள் மீன் கொண்டு வருவதில்லை. அதற்கு யாரும் தாள் அனுப்பியதில்லை.

2014 ஏப்ரலில் சென்னையில் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் நிர்வாகமும் இப்படித்தான் அறிவித்தது. அலுவலக உணவகத்துக்கு அசைவம் கொண்டு வராதீர்கள், பெரும்பான்மையான சைவப் பணியாளர்களுக்குச் சங்கடம் என்றது. அதே 2014-இல் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது கடந்தவர்களில் 97 விழுக்காட்டுக்கு மேல் அசைவம் உண்பவர்கள். அங்கே ஆரோக்கியத்தைத் துணைக்கு அழைக்காத நேர்மையாவது இருந்தது.

ஆரோக்கியம்தான் அக்கறை என்றால் இரத்தசோகையைப் பேசுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் 15–49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. கீரையின் இரும்பைவிட மீன், இறைச்சியின் இரும்பை உடல் எளிதாக ஏற்கும். ஏழைக்கும் எட்டுகிற சாளையில் புரதமும் நல்ல கொழுப்பும் உண்டு. அதைத்தான் வாடை என்கிறீர்கள்.

எங்கள் துறையைப் பெருக்கும் அக்கா, அறையை ஒட்டிய வராந்தாவில் சாப்பிடுவார். இத்தனை வருடம் அவரை மேசைக்கு அழைக்காதது எங்கள் பங்கு. சுற்றறிக்கைக்குப் பிறகு மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தார். "டப்பாவத் திறந்தா மூக்கப் பொத்துதாவ, மேடம்" என்றார். மறுவாரம் கருவாடும் இல்லை, சோறும் ஊறுகாயும்தான்.

சரி, சிறுதானியம். அதை ஊறவைத்து, வேகவைத்து, காய் நறுக்கி, ஏழரைப் பேருந்தைப் பிடிப்பது யார்? 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். ஆண் பேராசிரியரின் ஆரோக்கியம் அவர் மனைவியின் நாலரை மணி அலாரம். பெண் பேராசிரியரின் ஆரோக்கியமும் அவளுடைய அதே அலாரம்தான்.

250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் உணவகம் நடத்துவது முதலாளியின் பொறுப்பு என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. கல்லூரி தொழிற்சாலை அல்ல, தெரியும். ஆனால் கேட்பதற்குச் சட்டமா வேண்டும்? முதல்வருக்கு எழுதினேன்: குறைந்த விலையில் மதியச் சாப்பாடு, வாரம் இரண்டு நாள் மீன், வேண்டாதவர்களுக்குப் பயறு, பெருக்குபவர்களுக்கும் உட்கார நாற்காலி, முழுதாக அரை மணி நேரம், தண்ணீர் வருகிற கழிப்பறை. அது இல்லாததால்தான் நாங்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறோம்.

பதில் வரவில்லை. நான் நெத்திலிக் குழம்பு கொண்டு போகத் தொடங்கினேன். அக்காவையும் மேசைக்குக் கூப்பிட்டேன்.

"நீங்க பெர்மனன்ட், மேடம்" என்றார்.