நாலாயிரம் ரூபாவும் ஆயிரம் ரூபாவும்: ரம்புக்கனையிலிருந்து ஒரு கணக்கு

ரம்புக்கனை புகையிரதக் கடவையை நாடே அறிந்துகொண்டது 2022 ஏப்ரல் 19ஆம் திகதி. அதற்கு முந்திய நள்ளிரவில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 254 ரூபாவிலிருந்து 338 ரூபாவுக்கு உயர்ந்திருந்தது. தண்டவாளத்தை மறித்த மக்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். அந்த 84 ரூபா உயர்வுக்குப் பின்னால் இன்னொரு இலக்கம் இருந்தது. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைத் தாங்கிப் பிடிப்பதைக் கைவிட்டது. அதுவரை 203 ரூபா அளவில் நின்ற டொலர் ஆறே வாரத்தில் 330ஐத் தாண்டிவிட்டது.

நாணய மாற்று விகிதம் என்பது வங்கிக்காரர்களின் விடயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் இதே ஸ்டேஷனில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய கணக்கு தீராமல் இருந்தது.

என் அம்மாயியின் தம்பி 1969 இல் இங்கிருந்துதான் இந்தியாவுக்குக் கோச்சி ஏறினார். பொல்காவலையில் வடபாதைக்கு மாறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல். பத்து வருடம் கழித்து, 1979 இல், அம்மாயியின் அக்கா குடும்பம் அதே வழியில் போனது. இரண்டு குடும்பமும் கேகாலைப் பக்கத்து ஒரே இறப்பர் தோட்டத்தில் உழைத்தவை. சேமலாப நிதி, பணிக்கொடை என்று கொண்டுபோனதும் ஏறத்தாழ ஒரே தொகை, நாலாயிரம் ரூபா. தம்பி அங்கே மாடும் துண்டு நிலமும் வாங்கினார். அக்கா வீட்டில் ஒரு வருடத்துக்குள் கையில் ஒன்றுமில்லை. “மச்சான் மண்டபத்துலயே பாதிக் காச குடிச்சி அழிச்சிட்டாரு” என்பது அம்மாயியின் தீர்ப்பு. சாகும்வரை அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்தக் கதையை அந்தக் கால மாற்று விகிதங்களோடு வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விடயம் புரிந்தது.

இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும் நீண்ட காலம் சரிக்குச் சரியாக இருந்தவை. 1950 ஓகஸ்ட் 28ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தொடங்கிய பின்னரும் அந்தச் சமன் குலையவில்லை. இரு நாட்டிலும் ஒரு டொலர் 4.76 ரூபா. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோதும் அதே நிலைதான். 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்த அந்த ஒப்பந்தத்தில் பணம் பற்றியும் ஓர் உறுதிமொழி உண்டு. ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படாது என்பதே அது.

தொகை மாறாது என்றார்கள். அதன் பெறுமதி பற்றி ஒரு சொல்லும் இல்லை.

1966 ஜூன் 6ஆம் திகதி இந்தியா தன் ரூபாவை மதிப்பிறக்கியது. டொலர் 4.76 இலிருந்து 7.50 ஆனது. நூறு இலங்கை ரூபா திடீரென 157 இந்திய ரூபாவானது. 1967 நவம்பரில் இலங்கையும் மதிப்பிறக்கி டொலரை 5.95 ஆக்கியதும் அந்த 157, 126 ஆகக் குறைந்தது. 1968 இல் வந்த இரட்டை விகித முறையை 1977 நவம்பரில் புதிய அரசாங்கம் ஒழித்து, ஒரே விகிதமாக டொலருக்கு ஏறத்தாழ 16 ரூபா என்று வைத்தது. அப்போது இந்தியாவில் டொலர் ஒன்பது ரூபாவுக்கும் குறைவு.

இப்போது கணக்கைப் போடுவோம். உத்தியோகபூர்வ அடிப்படை விகிதத்தில் நாலாயிரம் இலங்கை ரூபா 1964 இல் நாலாயிரம் இந்திய ரூபா. 1969 இல் ஏறத்தாழ 5,040. 1979 இல் ஏறத்தாழ 2,100.

தம்பி கெட்டிக்காரருமில்லை, மச்சான் குடிகாரருமில்லை. இருவரும் போன வருடம்தான் வேறு. எப்போது போவது என்பதும் அவர்கள் கையில் இருக்கவில்லை. பிரஜாவுரிமை விண்ணப்பம், பாஸ்போட், தோட்டத்துக் கணக்குத் தீர்ப்பு எல்லாம் முடிந்து கடதாசி வரும்போதுதான் கோச்சி.

இது முடிந்துபோன கதையல்ல. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானது. வருடக்கணக்கான போராட்டத்தின் பலன் அது. அன்றைய விகிதத்தில் ஏறத்தாழ 5 டொலர். 2022 மேயில் டொலர் 360 ரூபாவானபோது அதே ஆயிரம் 3 டொலருக்கும் குறைந்தது. சம்பளத்தை யாரும் வெட்டவில்லை. வெட்டியது போலத்தான் ஆனது.

ஆனால் அதே ரூபா வீழ்ச்சியால் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை 2021 உடன் ஒப்பிட 2022 இல் இருமடங்கானது. உரமும் எரிபொருளும் விலையேறியதால் கம்பனிகளின் செலவும் கூடியது உண்மை. இருந்தாலும் டொலரோடு சேர்ந்து ஏறும் ஒரு வரவு அவர்களுக்கு இருந்தது. கொழுந்து பறிப்பவருக்கும் பால் வெட்டுபவருக்கும் அப்படி எதுவும் இல்லை. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தபோது டொலர் 300 ரூபா அளவில் இருந்தது. அதாவது நாலரை டொலர். 350 ரூபா கூடிய பிறகும் 2021ஐ எட்டவில்லை.

1964 இன் நாலாயிரத்திலும் 2021 இன் ஆயிரத்திலும் ஒரே ஓட்டை இருக்கிறது. எழுதியது ரூபாவில்; அந்த ரூபாவின் பெறுமதி குறைந்தால் என்ன செய்வது என்று எழுதப்படவில்லை. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் எத்தனை ரூபா என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணோடோ ஏல விலையோடோ சம்பளம் தானாக நகரும் ஏற்பாட்டையும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் போராடி வென்ற தொகை அடுத்த மதிப்பிறக்கத்தில் கைநழுவிப் போகும்.

போன மாதம் கூடலூரில் இருக்கும் அந்தப் பெரிய தாத்தாவின் பேத்திக்கு இந்தக் கணக்கைத் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவள், “அப்ப எங்க தாத்தா குடிக்கலியா?” என்று கேட்டாள்.