மனை வரைபடமும் மாணவரும்

உணவு, உடை, உறையுள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகியிருக்கிறோம். ஆனால் மூன்றையும் ஒரே கண்ணால் பார்க்கிறோமா? கத்தரிக்காய் வாங்கும்போது புழுத்துளை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறோம். துணி வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்து இழையின் நெருக்கத்தைப் பார்க்கிறோம். வாடகைக்கு அறை பிடிக்கும்போது எதைப் பார்க்கிறோம்? வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, தண்ணீர் எப்பொழுது வரும், மின்சாரத்துக்கு யூனிட் என்ன விலை, இரவில் எத்தனை மணிக்குக் கதவடைப்பார்கள் என்று கேட்கிறோம். அத்துடன் சரி. "இந்த வீட்டைக் கட்ட மாநகராட்சியின் அனுமதி உண்டா? எத்தனை மாடிக்கு உண்டு?" என்று நம்முள் ஒருவரேனும் கேட்டதுண்டா?

கேட்கவேண்டும் என்பதே என் கருத்து. வீட்டு அனுமதி என்பது வீட்டுக்காரருக்கும் மாநகராட்சிக்கும் இடையேயுள்ள காரியம், குடியிருக்க வந்தவர்களுக்கு அதில் என்ன வேலை என்று நண்பர்கள் நினைக்கலாம். விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர் உரிமையாளர், வரைபடத்தில் கையெழுத்திடுபவர் கட்டடக்கலைஞர், முத்திரையிடுபவர் அதிகாரி. மூவரும் அந்தக் கூரையின் கீழ் உறங்கப் போவதில்லை. உறங்குபவர்கள் நாம். நம் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை. இந்த முரண்பாட்டைத்தான் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

முதலில் அனுமதி என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம். நாம் வாழும் தில்லியையே எடுத்துக்கொள்ளலாம். 1957-ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டம், கட்டடம் எழுப்ப விரும்புகிறவர் ஆணையருக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும் என்று 333-ஆம் பிரிவில் கூறுகிறது. உரிமைப் பத்திரம், மனையின் வரைபடம், ஒவ்வொரு மாடியின் வரைபடம், கட்டடம் தன் சுமையைத் தாங்கும் என்பதற்குப் பொறியாளரின் சான்று ஆகியவை அதனுடன் சேரவேண்டும். ஆணையர் இசையலாம், மறுக்கலாம். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். 337-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 60 நாளைக்குள் மறுப்பு வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளவேண்டும் என்பது அதன் கருத்து. சட்டம் எழுதியவர்கள் குடிமகனின் காத்திருப்புக்கும் ஓர் எல்லை வேண்டும் என்று எண்ணியிருக்கிறார்கள் அன்றோ? கட்டி முடித்தபின் மற்றொரு தாள் உண்டு. வரைபடத்தில் காட்டியபடியே கட்டப்பட்டிருக்கிறது, இனிக் குடியேறலாம் என்று கூறும் நிறைவுச் சான்று அது. குடியிருப்பவர்களுக்கு முதல் தாளைவிட இந்த இரண்டாம் தாளே முக்கியமானது.

"வெறும் தாள்தானே!" என்று சொல்பவர்கள் உண்டு. இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அவர்களுக்கு ஒரு சிறு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். 80 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு வீட்டின்மேல் உரிமையாளர் புதிதாக ஒரு மாடி எழுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் கனம் ஐந்து அங்குலம், அதாவது பன்னிரண்டரை சென்டிமீட்டர். கான்கிரீட் 10 கன மீட்டர் ஆகிறது. கம்பியோடு சேர்ந்த கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு இரண்டரை டன். ஆகவே தளம் மட்டும் 25 டன். ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் மூன்று மீட்டர் உயரத்தில் 40 மீட்டர் நீளம் ஓடினால் அது 50 டன்னைத் தாண்டும். குடியிருப்பவர்களும் கட்டிலும் பெட்டியும் புத்தகமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 200 கிலோ எனக் கணக்கிடவேண்டும் என்பது இந்தியத் தர நெறி. அது 16 டன். ஆகக் கூடி 90 டன்னுக்கு மேல்! கீழே உள்ள தூணும் அதன் அடியில் உள்ள அத்திவாரமும் இந்தச் சுமையை எதிர்பார்த்துப் போட்டவையா? அந்தக் கேள்விக்கு விடை எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் அந்த 'வெறும் தாள்'தான்.

தில்லி நிலமோ பொறுத்துப் போகும் நிலம் அன்று. 2002-ஆம் ஆண்டின் நில நடுக்க வரைபடம் இந்நகரை நான்காம் மண்டலத்தில் வைத்தது. ஐந்தே அதனினும் கடுமையானது. யமுனையின் இருகரையிலும் வண்டலும் மணலும் ஆழமாகக் கிடக்கின்றன.

2010-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் கிழக்குத் தில்லியின் லட்சுமி நகரையொட்டிய லலிதா பார்க்கில் பல மாடிக் கட்டடம் ஒன்று இரவில் சரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வெளி மாநிலங்களினின்று வந்து ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக வாடகைக்கு இருந்தவர்கள். அக்கட்டடத்தில் அனுமதிக்கு மேற்பட்ட மாடிகள் இருந்தன. நிலவறையில் நீர் தேங்கி நின்றது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் பழைய ராஜேந்திர நகரில் மழைநீர் ஒரு நிலவறைக்குள் பாய்ந்து, ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூவரைப் பலிகொண்டது. அந்த நிலவறைக்கு மாநகராட்சி அளித்திருந்த அனுமதி வண்டி நிறுத்தவும் பொருள் வைக்கவுமே. நூலகம் நடத்த அன்று. இறந்த மூவரும் நம்மைப்போல் வெளியூரிலிருந்து வந்தவர்களே. தாளில் எழுதியிருந்த ஒரு வரியை அவர்கள் படிக்க ஒரு வாய்ப்பு இருந்திருந்தால்? வாயிலில் அந்த வரி தொங்கியிருந்தால்?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்குத் தவறாமல் வரும் பெரியவர் ஒருவர் உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகளுக்குமுன் தம் பழைய வீட்டை இடித்துவிட்டு மூன்று அடுக்கு கட்டினார். அதன் வரைபடத்தை ஒரு தகரக் குழலில் சுருட்டி வைத்திருக்கிறார். சென்ற மாதம் அதை மேசைமீது விரித்து எனக்குக் காட்டினார். வெளிச்சம் வருவதற்கென்று வீட்டின் நடுவே விட்ட சிறு முற்றம், மாடிப்படியின் அகலம், மழைநீர் இறங்கும் குழி எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "அனுமதிக்கு அலைந்தபோது ஏன் இந்தத் தொல்லை என்றுதான் நினைத்தேன் தம்பி. பழைய அத்திவாரத்தின்மேலேயே ஏற்றிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். மண்ணைச் சோதித்த பொறியாளர் கூடாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். செலவு கூடியது. ஆனால் இப்போது மேல்மாடியில் பேரப்பிள்ளைகள் குதிக்கிறார்கள், நான் கீழே நிம்மதியாகத் தூங்குகிறேன்" என்றார்.

இனி மற்றொருவரைப் பாருங்கள். முதலாண்டில் நான் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளரிடம், நான்காம் மாடிக்கு அனுமதி உண்டா என்று ஒருநாள் கேட்டேன். அவர் சினக்கவில்லை, சிரித்தார். "வீட்டை வாங்க வருகிறவன் கேட்கவேண்டிய கேள்வி இது. நீ பதினொரு மாதத்தில் போகிறவன். உனக்கு எதற்கு?" என்றார். ஓராண்டுக்குக் குறைந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவேண்டியதில்லை என்பதால் தில்லியில் எல்லோரும் எழுதிக்கொள்வது பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதத்துக்கும் பாரம் ஒன்றுதான், பூமியின் ஈர்ப்பும் ஒன்றுதான். விரிசல் விட்ட தூண், 'இவன் போகட்டும், அடுத்தவன் வரட்டும்' என்று ஒப்பந்தத் தேதி பார்த்துக் காத்திருப்பதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். "அனுமதி பெறுவது எளிதா? ஏழை எத்தனை முறை அலைவான்? கட்டடக்கலைஞருக்குக் கொடுக்கப் பணம் எங்கே?" என்பார்கள். இதனை நான் தள்ளிவிடவில்லை. அனுமதி பெறுவது அரிதாக உள்ள ஊரில் அனுமதியின்றிக் கட்டுவதே வழக்கமாகிவிடும். ஆதலின் விதி எளிதாக இருக்கவேண்டும். 2016-இல் வெளியான தில்லியின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் இவ்வகையில் ஒரு நல்ல அடி எடுத்து வைத்தன. 105 சதுர மீட்டர் வரையுள்ள குடியிருப்பு மனைக்கு, 'எளிது' என்று பொருள்படும் 'சரல்' என்ற பெயரில் ஒரு வழி வகுத்தன. அதன்படி, விதிக்கு உட்பட்டுக் கட்டுவேன் என்ற உறுதிமொழியையும் கட்டணத்தையும் செலுத்திவிட்டுச் சிறு மனைக்காரர் கட்டத் தொடங்கலாம். இவ்வழி திறந்தபின், அலைச்சலுக்கு அஞ்சியே விதியை மீறினேன் என்று சிறு மனைக்காரர் சொல்வது எளிதன்று.

வரைமுறையின்றி எழுந்த குடியேற்றங்களின் நிலை வேறு. 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் தில்லியில் அத்தகைய 1,731 குடியேற்றங்களில் வாழ்வோருக்கு நிலவுரிமை பெற வழி பிறந்தது. நான் அதை வரவேற்கிறேன். உழைத்து வாங்கிய இடத்தில் அச்சத்தோடு வாழ்வது கொடுமை. எனினும் நிலத்துக்குப் பத்திரம் கிடைத்ததால் தூணுக்கு வலிமை வந்துவிடாது. உரிமை வேறு, உறுதி வேறு. முதலாவதைக் கொடுத்த அரசு இரண்டாவதையும் சோதித்துக் கொடுக்கவேண்டும். அதற்குப் பொறியாளர்களைத் தெருவுக்குத் தெரு அனுப்பினாலும் தகும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. அது நம்மவர்களே சொல்வது. "அனுமதியுள்ள வீட்டில் வாடகை அதிகம். உதவித்தொகையில் வாழும் நாம் எங்கே போவோம்?" உண்மைதான். நானும் அந்தத் தொகையில் வாழ்பவனே. நாளைக்கே எல்லோரும் அறையைக் காலி செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு அறைகள் ஒரே வாடகையில் இருக்கும்போது எதைத் தேர்வது என்பதற்கேனும் இந்தக் கேள்வி உதவும். பத்து மாணவர் கேட்டால் வீட்டுக்காரர் சிரிப்பார். நூறு மாணவர் கேட்டால் தாளைத் தேடுவார்.

ஆகவே நம் சங்கத்தின்முன் மூன்று காரியங்களை வைக்கிறேன். ஆண்டுதோறும் கல்வியாண்டு தொடங்கும்போது புதிதாக வரும் தம்பி தங்கையருக்கு நாம்தான் அறை பார்த்துக் கொடுக்கிறோம். ஊரிலுள்ள பெற்றோர் வீட்டுக்காரரை நம்பி அனுப்பவில்லை. நம்மை நம்பி அனுப்புகிறார்கள். முதலாவதாக, சங்கம் வைத்திருக்கும் அறைப் பட்டியலில் வாடகைக்குப் பக்கத்தில் இன்னும் சில கட்டங்கள் வரைவோம்: அனுமதி எத்தனை மாடிக்கு, நிலவறையில் ஆள் தங்குகிறார்களா, இறங்க எத்தனை படிவழி, நிறைவுச் சான்று உண்டா. விடை தெரியாத கட்டத்தில் 'தெரியவில்லை' என்றே எழுதுவோம். அதுவும் ஒரு செய்திதான். இரண்டாவதாக, ஐயம் எழுந்த வீட்டைப் பற்றி 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி சங்கத்து உறுப்பினர் ஒருவர் மாநகராட்சிக்கு விண்ணப்பிக்கட்டும். அதற்கு வேண்டுவது ஒரு மனுவும் சிறு கட்டணமும் கொஞ்சம் பொறுமையும். மூன்றாவதாக, வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டின் வாயிலிலும் அனுமதி எண், மாடிகளின் எண்ணிக்கை, நிலவறையின் பயன் ஆகிய மூன்றையும் எழுதிய பலகை தொங்கவேண்டும் என்று பிற மாநில மாணவர் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியிடம் கேட்போம். மலையாளிகளும் வங்காளிகளும் மணிப்பூரிகளும் நம்மைப்போலவே அறை தேடுகிறவர்கள். இதில் மொழி வேற்றுமைக்கு இடமில்லை.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். கருத்து மாறுபடுவோர் வந்து வாதிடவேண்டும். உடன்படுவோர் அதற்குமுன் ஒன்று செய்யவேண்டும். இன்று மாலை அறைக்குத் திரும்பும்போது தெருவில் நின்று, தாம் குடியிருக்கும் கட்டடத்துக்கு எத்தனை மாடி என்று எண்ணிப் பாருங்கள். பிறகு வீட்டுக்காரரிடம் சென்று, அத்தனைக்கும் அனுமதி உண்டா என்று பணிவாகக் கேளுங்கள்.