ஜாகை கொடுப்பதும் ஒரு சத்தியாகிரகம்தான்



நூறு பேர் கூடி ஒரு நியாயம் கேட்கிறார்கள் என்றால் மேடையில் பேசியவர் பெயர்தான் பத்திரிகையில் வரும். வந்தவர்களுக்குப் பாய் விரித்து, சோறு வடித்தவர்களை யார் நினைக்கிறார்கள்? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவில் மெல் வைட் என்று ஒரு போதகர். ஜெர்ரி ஃபால்வெல் என்ற பிரபல போதகருக்கே சுயசரிதை எழுதிக் கொடுத்தவர். தாம் தன்பாலின ஈர்ப்பு உள்ளவர் என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். தம்மைப் போன்றவர்களைச் சபைகள் ஒதுக்கக் கூடாது என்று அகிம்சை வழியில் கேட்க, 1998-ல் 'சோல்ஃபோர்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 'ஆன்ம பலம்' என்று அர்த்தம். சத்தியாகிரகத்துக்குக் காந்திஜி ஆங்கிலத்தில் சொன்ன வார்த்தை அது.

1999 அக்டோபரில் அவரோடு சுமார் 200 பேர் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள லிஞ்ச்பர்க்குக்கு வந்தார்கள். அது ஃபால்வெல்லின் ஊர். அவர் தரப்பிலும் 200 பேர். இரு தரப்பும் சேர்ந்து சாப்பிடுவதாகத்தான் முதலில் ஏற்பாடு. இவர்களோடு பந்தியில் உட்காருவது வேதத்துக்கு விரோதம் என்று எதிர்ப்பு கிளம்ப, சாப்பாடு ரத்து! வெறும் தண்ணீர்தான். கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியதே அந்த ஊரில் பெரிய விஷயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இலை போடாத விருந்தாளியின் மனசு என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியாதா?

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு இடம் பார்ப்பது, கல்யாணத்துக்கு ஜாகை பார்ப்பது போலச் சுலபம் இல்லை. ஜோடியாக வருகிறவர்களைக் கண்டு முகம் சுளிக்காத வீடு வேண்டும். "கல்யாணம் ஆச்சா? ஏன் ஆகலை?" என்று துருவாத வீட்டுக்காரம்மா வேண்டும். பெற்றவர்களே கதவைச் சாத்திய பிள்ளைகளும் வருவார்கள். அவர்களுக்கு ஒரு டம்ளர் காபியே பெரிய ஆறுதல்.

நம்ம தமிழச்சி ஒருத்தி இதைச் செய்து காட்டியிருக்கிறாள். 1913-ல் தென்னாப்பிரிக்காவில் 3 பவுன் வரியை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் கொடுத்திருந்த குடியிருப்புகளை விட்டு மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். நியூகாசில் ஊரில் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்துவர் வீடுதான் காந்திஜிக்கு ஜாகை. இரண்டு மூன்று அறைகள் உள்ள சின்ன வீடு, அது சத்திரமாகவே மாறிவிட்டது. அடுப்பு இரவு பகல் அணையவில்லை. அத்தனை வேலையிலும் திருமதி லாசரஸ் முகத்தில் சிரிப்பு மாறவில்லை என்று காந்திஜியே எழுதி வைத்திருக்கிறார்.

எங்கள் குடும்பத்திலும் ஒரு பிள்ளை உண்டு. அக்கா மகன். விஷயம் தெரிந்ததும் அவன் அப்பா வாசலோடு அனுப்பிவிட்டார். போன பொங்கலுக்கு எனக்குப் போன் செய்து, "சித்தி, நான் வந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?" என்றான். "உனக்கு வெண்பொங்கலா, சர்க்கரைப் பொங்கலா? முதல்ல அதைச் சொல்லுடா" என்றேன். நாலு நாள் இருந்தான். அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள், இரண்டு நாளில் ஓய்ந்துபோனார்கள்.

"எனக்கு இதெல்லாம் மனசு ஒப்பலையே" என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். வீட்டுக்கு வருகிறவர்களின் கொள்கையை எல்லாம் ஒத்துக்கொண்டா சோறு போடுகிறோம்? இது குற்றமில்லை என்று 2018-ல் நம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் கோர்ட் வந்து நம் வீட்டுக் கதவைத் திறந்துவிடாது. சாவி நம் இடுப்பில்தானே இருக்கிறது!

உங்கள் சொந்தத்திலும் இப்படி ஒதுங்கி நிற்கும் பிள்ளை இருந்தால், வருகிற பண்டிகைக்கு வாய் நிறையக் கூப்பிடுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்