கடற்காக்கா பாடம்

பத்தாம் வகுப்புக்கு 2019ல் வந்த ஆங்கிலப் புத்தகத்தில் முதல் பாடம் லியாம் ஓ'ஃப்ளாஹர்ட்டியின் 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்'. பறக்கப் பயந்து பாறை விளிம்பில் ஒண்டிக் கிடக்கிறது ஒரு கடற்காக்கைக் குஞ்சு. தாய் அலகில் மீனோடு பக்கத்தில் வந்து, கொடுக்காமல் அந்தரத்தில் நிற்கிறது. பசி தாங்காத குஞ்சு மீன்மேல் பாய்ந்து, விழுந்து, விழும்போதே சிறகை விரிக்கிறது.

ஐப்பசி முதல் பங்குனி வரை கோடியக்கரையில் மீன்பிடி சீசன். படகு கரையேறும் இடமெல்லாம் கடற்காக்காதான். அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைப் பற்றிக் கேட்க எவ்வளவோ இருக்கிறது. நோட்ஸோ ஒரே விடையை வைத்திருக்கிறது: பயத்தை வென்றால் வெற்றி.

மாலை வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "மீனைக் காட்டிக்கிட்டே நின்னுச்சே, அந்தத் தாய்க்கும் பசிச்சிருக்கும்ல சார்?" அம்மாவோடு மீன் தரம் பிரிக்கப் போகிறவள். கதையைப் பலமுறை சொல்லிக்கொடுத்த எனக்கு இது தோன்றியதே இல்லை. பரீட்சையில் அவள் நோட்ஸ் விடையைத்தான் எழுதினாள். மதிப்பெண் அதற்குத்தானே! எனக்கு ஆறவில்லை.

இலக்கணம் தனி பீரியடில் நடக்கிறது. யாரோ யாரிடமோ சொன்ன வாக்கியத்தை அயற்கூற்றாக மாற்று என்பார்கள்; சொன்னவன் யார், ஏன் சொன்னான் என்பது யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணின் கேள்வியையே கரும்பலகையில் எழுதியிருக்கலாம். 'ஷி ஆஸ்க்டு வெதர் த மதர் வாஸ் ஹங்ரி டூ.' கேள்விக்குறி எங்கே போயிற்று, 'வெதர்' ஏன் வந்தது என்று பிள்ளைகளே கேட்டிருப்பார்கள். அவர்கள் தோழி சொன்ன பேச்சல்லவா?

2022ல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படம் போடத் தொடங்கினார்கள். அதில் சாப்ளினின் 'தி கிட்' வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். 1921ல் வெளிவந்த ஊமைப்படம். அநாதை இல்லத்து ஆட்கள் வண்டியில் ஏற்றியதும் அந்தப் பையன் கைநீட்டிக் கதறுவான், குரல் கேட்காது. அவன் என்ன சொல்கிறான்? ஆளுக்கொரு வரி எழுதட்டும், முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். பக்கத்தில் இருப்பவர் அதை அயற்கூற்றாக்கட்டும். பொருள் கொள்வதும் இலக்கணமும் ஒரே பீரியடில் முடிந்துவிடும்.

ஓ'ஃப்ளாஹர்ட்டி 1896ல் பிறந்த அரன் தீவும் மீனவர் தீவுதான். அங்கே புழங்கியது ஐரிஷ் மொழி. பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. குளிர்காலத்தில் இங்கே வரும் பழுப்புத்தலைக் கடற்காக்கைகள் கூடு கட்டுவது லடாக், திபெத் பக்கத்து ஏரிகளில். நம் கரையில் குஞ்சு பொரிப்பதில்லை. அங்கே பொரித்த ஒரு குஞ்சு முதல் குளிர்காலத்தில் கோடியக்கரை வந்து சேர்ந்த கதையை இறந்தகாலத்தில் பத்து வரி எழுதச் சொல்லலாம். வேதாரண்யம் பக்கத்து ஆங்கில ஆசிரியர்கள் இந்த மார்கழியிலேயே செய்து பாருங்கள். நோட்ஸை மூடி வைத்துவிட்டு.