புதுமை என்பதே குற்றமாகுமா?

காரத்தால் இறுகும் களிமண் கலவை ஆராய்ச்சிச்சாலைப் பொருளேயன்றி, மனிதர் நம்பிக் குடியிருக்கத்தக்கதன்று என்று நண்பரொருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அக்கறை நியாயமானதே. ஆயினும் அவருடைய வாதம் சரித்திரத்துக்குப் பொருந்தவில்லை. 1950-களிலேயே கீவ் நகரில் விக்டர் குளுகோவ்ஸ்கி இவ்வகைக் கலவைகளை ஆராய்ந்ததும், அதன் பயனாக உக்ரேனில் இரும்பாலைக் கசடைக் காரத்தால் இறுக்கி மாடிவீடுகள் எழுப்பப்பட்டதும், 2014-இல் ஆஸ்திரேலியாவின் டூவூம்பா அருகே வெல்கேம்ப் விமான நிலையத்தில், ஓடுபாதை தார்க்கலவையாலேயே அமைந்ததாயினும், விமானங்கள் நின்று திரும்பும் தளங்களுக்குச் சுமார் 40,000 கன மீட்டர் ஜியோபாலிமர் (காரத்தால் இறுகும்) கான்கிரீட் வார்க்கப்பட்டதும் அவர் கண்ணில் படாமற்போனது எங்ஙனம்?

சிமென்டை விட்டு இக்கலவையை நாடுவதற்குக் காரணமும் உண்டு. சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 பாகை செல்சியஸ் வரை சூளையிலிடும்போது, எரிபொருளின் புகையோடு கல்லினுள் அடங்கிய கரியமிலவாயுவும் வெளியேறுவது தவிர்க்கவொண்ணாதது. இக்கலவைக்குரிய கயோலின் களிமண்ணுக்கோ ஏறத்தாழ 700 பாகையே போதும், அதனின்று பிரிவதும் நீராவியே.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. நண்பர் அதைத் தொடவேயில்லை. கலவையை இறுக்கும் சோடியம் சிலிகேட்டைச் செய்ய மணலையும் சோடாவையும் 1,000 பாகைக்கு மேல் உருக்கவேண்டும்; காரம் மிகுந்தால் காய்ந்த சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும்; கலவையில் சேர்க்கும் காஸ்டிக் சோடாக் கரைசலின் ஒரு துளி தெறித்தாலும் கண் பழுதாகக்கூடும். ஆகையால், கையுறையும் கண்காப்பும் கொடுக்காமல் சித்தாளின் கையில் இக்கலவையை ஒப்படைக்கும் எந்த மேஸ்திரியையும் நான் ஆதரியேன். நண்பர் அடுத்து எழுதும்போது இவற்றைப் பற்றி எழுதவேண்டுகிறேன்.