வீடும் வேணும், வயலும் வேணும்!



"ஊர் பெருகுது, ஜனங்க எங்கே போய்க் குடியிருக்கிறது?" என்று நம்மைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நம்ம பிள்ளைகளும் டவுனில் வாடகைக்குத்தான் கிடக்கிறார்கள். வீடு கட்டுவதை நாம் எதிர்க்கவில்லை. யாருக்கு, எந்த நிலத்தில் என்றுதான் கேட்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். நாட்டின் நகரங்களில் 1 கோடியே 87 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு 2012-ல் சொன்னது. அதில் 100-க்கு 95 பங்கு ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் வேண்டிய வீடுகள். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அதே நகரங்களில் சுமார் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன! அப்படியானால் வயலில் கல் நட்டு, கலர் கொடி கட்டி விற்கிற மனை யாருக்கு? கூலிக்காரன் வாங்குகிறானா? பணம் உள்ளவன் வாங்கிப் போட்டு, விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறான். வீடும் எழும்பலை, நெல்லும் விளையலை. சீமைக் கருவேல்தான் முளைக்குது.

போவது அந்த ஒரு ஏக்கர் மட்டுமல்ல. வாய்க்காலைத் தூர்த்து ரோடு போடுகிறார்கள். கடைமடைக்குத் தண்ணி ஏறாது. மழைக்காலத்தில் வடிய வழியில்லாமல் பக்கத்து வயல் மூழ்கும். ரெண்டு போகம் நட்டப்பட்டவன் மூணாவது போகத்துக்குப் புரோக்கரைத்தான் தேடுவான்.

சட்டம் இல்லையா? இருக்கு. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. எட்டே மாதத்தில், 2017 மே மாதம், பழைய மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த அரசு விதி கொண்டுவந்தது. கடன்பட்டு மனை வாங்கிய ஏழைக்கு அது வேண்டியதுதான். வாய்க்காலைத் தூர்த்தவனுக்கு என்ன தண்டனை? 2022-ல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. அதற்குள் சிக்கிய ஏரிப்பாசன வயல்களுக்கு யார் காவல்?

நிலம் விற்கிற விவசாயியை நாம் ஏசவில்லை. கடனும் பிள்ளை படிப்பும் கழுத்தை நெரித்தால் அவன் என்ன செய்வான்? நகரத்துக்கு எல்லைக்கோடு போடுங்கள், வரவேற்கிறோம். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் பிழைக்க வேண்டாமா? கட்டுப்படியாகும் விலை இல்லாமல் "விற்காதே" என்று மட்டும் சொன்னால், நகரத்துக்கான வேலியை நம் கழுத்தில் கட்டுவதாகும்.

ஆகவே நாம் கேட்பது:

1. ஏரி, ஆற்றுப் பாசன நஞ்சையையும் வாய்க்காலையும் திட்ட வரைபடத்தில் குறித்து, மனையாக மாற்ற முழுத் தடை போடு!
2. நகருக்குள் சும்மா கிடக்கும் இடத்தில் ஏழைகளுக்கு மாடி வீடு கட்டு!
3. தூர்த்த வாய்க்காலை, தூர்த்தவன் செலவிலேயே மீட்டுக் கொடு!
4. சுவாமிநாதன் ஆணையம் 2006-ல் சொன்னபடி, உற்பத்திச் செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்து விலை கொடு!

வருகிற கிராம சபையில் இந்த நாலையும் தீர்மானமாகப் போடுவோம். ஒரு ஆள் விடாமல் வாருங்கள்.

வயலைக் காப்போம்! வாய்க்காலை மீட்போம்!